ஓடியவருக்குக் கட்டம் இல்லை

தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குக் கேமராவோடு வருகிறவர்களை இராக்கம்மா இரண்டு வகையாகப் பிரித்து வைத்திருந்தாள். மண் சரிந்த பிறகு வருகிறவர்கள் ஒரு வகை. தேர்தலுக்கு முன்பு வருகிறவர்கள் இன்னொரு வகை. அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் மூன்று வெள்ளை வேன்கள் வளைவில் திரும்பி மேலே ஏறியபோது மண்ணும் சரியவில்லை, தேர்தலும் அறிவிக்கப்படவில்லை. அதனால்தான் அவளுக்குச் சந்தேகம் வந்தது.

முதலில் மலையைத் திரும்பிப் பார்த்தாள். லயத்துக்குப் பின்னால், தேயிலை முடிந்து மானாப்புல் தொடங்குகிற இடத்தில், தரையில் ஒரு வெடிப்பு இருந்தது. அதன் இரண்டு பக்கமும் ஒவ்வொரு குச்சியை அடித்துவைத்து, தினமும் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக் களத்துக்குப் போகுமுன் இடைவெளியை விரலால் அளப்பது அவள் வழக்கம். சித்திரையில் இரண்டு விரல் இருந்தது. இப்போது நாலு விரல். மழைக்காலம் இன்னும் தொடங்கவே இல்லை.

வெள்ளைக்கல் தோட்டத்தின் கீழ்ப்பிரிவு பதுளை மலைகளில் ஸ்பிரிங்வெளிக்கு மேலே இருக்கிறது. நாற்பத்திரண்டு குடும்பங்கள். மீரியபெத்தயில் லயங்கள் மண்ணுக்குள் போன பிறகு, அனர்த்தக் கந்தோர் என்கிற அரசாங்க அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்து இங்கே ஒரு சைரன் பூட்டினார்கள். மூன்று முறை நீளமாகக் கூவினால் என்ன செய்ய வேண்டும் என்று பழக்கினார்கள். யோசிக்கக் கூடாது, திரும்பிப் பார்க்கக் கூடாது, எதையும் எடுக்கக் கூடாது. ஓட வேண்டும். கிரவுண்டின் கிழக்கு மூலையில் பச்சைப் பலகை ஒன்று நட்டிருந்தார்கள். அதில் வெள்ளை நிறத்தில் நாலு பேர் கையை வீசிக்கொண்டு நிற்க, நாலு பக்கமிருந்தும் அம்புக்குறிகள் அவர்களைப் பார்த்து வந்தன. ஓடிப் போய்ச் சேர வேண்டிய இடம் அதுதான்.

முதல் ஒத்திகையில் எல்லோரும் போய்ச் சேரப் பத்தொன்பது நிமிடம் எடுத்தது. லயத்தில் அடுத்த அறையான காம்பராவில் இருந்த கருப்பம்மா கோழிகளுக்காக இரண்டு முறை திரும்பிப் போனதே காரணம். இரண்டு வருடத்தில் அது நாலு நிமிடமாகியது. மாவட்டத்திலேயே வேகமாக ஓடுகிற லயம் என்று ஒரு சான்றிதழ் வந்தது. லயத்து ஒத்திகைத் தலைவியாக இருந்த இராக்கம்மாவுக்குச் செம்மஞ்சள் மேலங்கி ஒன்றும் விசில் ஒன்றும் கொடுத்து, இவற்றை எந்நேரமும் கூடவே வைத்திருப்பேன் என்று கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். கல்யாணத்துக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் அவள் பைக்குள் அந்த மேலங்கி இருந்தது. கையெழுத்துப் போட்டால் போட்டதுதான் என்று நம்புகிறவள் அவள்.

ஆகஸ்ட் மாதம் நடந்த அந்த மியூசிக்கல் ஷோவுக்கும் அவள் பையோடுதான் போனாள்.

அதை நடத்தியது பதுளையில் இருக்கும் ஒரு பணியகம். அதன் முழுப் பெயர் இளைஞர் உளச்சாந்தி, நல்லிணக்கம் மற்றும் ஆவணப்படுத்தல் பணியகம். தோட்டத்தில் யாருக்கும் அவ்வளவு நேரம் இல்லாததால் சாந்திக் கந்தோர் என்றார்கள். தோட்டத்து இளைஞர்களின் நெஞ்சில் தேங்கியிருக்கும் ஆவேசத்தை ரொக் இசையால் வடித்து வெளியேற்றுவது அதன் அவ்வாண்டுத் திட்டம். அப்படி எதுவும் தேங்கியிருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. திட்டத்துக்கு அனுமதி கிடைத்துவிட்டதால் தேங்கியிருந்தே ஆக வேண்டும்.

கிரவுண்டில் சமதரை கிழக்கு மூலையில்தான் உண்டு. மேடையை அங்கே கட்டினார்கள். பச்சைப் பலகை இடைஞ்சலாக இருந்தது. அதைப் பிடுங்கி, பிரதம அதிதி சேறு மிதிக்காமல் மேடையேற, படிக்கட்டின் கீழே போட்டார்கள்.

பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்கிய நிகழ்ச்சியில் முதல் மூன்று பாட்டும் பிரச்சினை இல்லாமல் போயின. சனம் நாற்காலியில் உட்கார்ந்து, காதைப் பொத்திக்கொண்டு, மரியாதையாகக் கேட்டது. நாலாவது பாட்டு தொடங்குமுன் கொழும்பிலிருந்து வந்த வாத்தியக்காரர்கள், பாட்டுக்கு ஒரு பயங்கரம் வேண்டும் என்று, கீபோர்டிலிருந்து சைரன் ஒலியை எழுப்பினார்கள். மூன்று முறை, நீளமாக.

இராக்கம்மா யோசிக்கவில்லை. மேலங்கியைப் போட்டுக்கொண்டு விசிலை ஊதினாள். நாற்பத்திரண்டு குடும்பமும் எழுந்து, கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு, கிழடுகளை நடுவில் விட்டு, கிழக்கு மூலையைப் பார்த்து ஓடியது. அங்கே மேடை இருந்தது. மேடைக்கு முன்னால் அதிதிகளும் அவர்களுக்கு முன்னால் பொலிஸாரும் இருந்தார்கள். செம்மஞ்சள் மேலங்கி போட்ட ஒருத்தி விசில் ஊதிக்கொண்டு இருநூறு பேரோடு தங்களை நோக்கி ஓடிவருவதை அவர்கள் பார்த்தார்கள். பொலிஸாரின் பொல்லடி தொடங்கியது. பொல்லைப் பார்த்ததும் டவுனிலிருந்து வந்த பையன்கள் நாற்காலிகளை எறிந்தார்கள். கிற்றார்க்காரர் தன் கிற்றாரால் பிரதம அதிதியின் காரியதரிசியை அடித்தார். ஏன் என்று அவருக்கே தெரியவில்லை. பதினேழு பேருக்குக் காயம். நூற்றுப் பன்னிரண்டு நாற்காலி உடைந்தது. பணியகத்தின் பணிப்பாளர் றிச்சர்ட்டுக்கு முன்பல் ஒன்று போனது. வெள்ளைக்கல் கீழ்ப்பிரிவு சேர வேண்டிய இடத்துக்கு இரண்டு நிமிடத்தில் சேர்ந்திருந்தது. அதை மட்டும் யாரும் குறித்துக்கொள்ளவில்லை.

பணியகத்தின் விழாவில் நடந்த கலவரத்தை ஆராய மிகப் பொருத்தமான நிறுவனம் பணியகமே என்று பணியகம் தீர்மானித்தது. ஆவணப்படம் ஒன்று எடுக்கப்படும், அதன் முடிவில் பரிந்துரைகள் வழங்கப்படும். அதுவரைக்கும் சைரன் உரப்பை ஒன்றால் மூடப்பட்டு, சுற்றிக் கயிறு கட்டி, அரக்கு முத்திரை வைக்கப்பட்டது. சான்றுப் பொருள் இலக்கம் ஒன்று. ஊதியது கீபோர்ட்தானே என்று இராக்கம்மாவின் புருஷன் அழகர் கேட்டதற்கு, கீபோர்ட் கொழும்புக்குப் போய்விட்டது என்று பதில் வந்தது.

அந்த ஆவணப்படத்துக்காகத்தான் மூன்று வேனும் வந்திருந்தன.

முதலில் இறங்கியவர் பணிப்பாளர் றிச்சர்ட். புதுப் பல் மற்றப் பற்களைவிட வெள்ளையாக இருந்தது. பின்னால் படிவக் கட்டோடு எழுத்து அலுவலர் சுதர்ஷினி. கடைசியாகக் கேமராக்காரர் ஷுக்ரி. அவர் வந்ததிலிருந்து போகும்வரை பேசவே இல்லை. லயத்தையும் அதன் பின்னால் மலையையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். இராக்கம்மாவுக்கு அவர் மேல் மட்டும் சந்தேகம் கொஞ்சம் குறைவாக வந்தது.

கிரீம் பிஸ்கட் பகிரப்பட்டது. கருப்பம்மா பிஸ்கட்டைப் பிரித்து நடுவில் பார்த்தாள்.

"என்னடி பாக்குற?" என்றாள் இராக்கம்மா.

"சும்மா குடுக்குறாங்களே. உள்ள என்னமும் இருக்கும்ல."

சுதர்ஷினி படிவத்தை நீட்டினாள். படத்தில் பேசுவதற்கு முன்பு ஒவ்வொருவரும் தாம் யார் என்பதைப் புள்ளடியிட்டுக் காட்ட வேண்டும். மூன்று கட்டங்கள் இருந்தன. தாக்கியவர். தாக்கப்பட்டவர். பார்த்துக்கொண்டிருந்தவர்.

இராக்கம்மா வெகுநேரம் படிவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பேசாமல் இருந்தால் நீண்ட நேரம் பேசாமல் இருப்பாள் என்பது லயத்துக்குத் தெரியும். சுதர்ஷினிக்குத் தெரியாது. பேனாவில் மை இல்லையோ என்று இரண்டாவது பேனாவையும் கொடுத்தாள்.

"இதுல எதுவும் நான் இல்லீங்களே, மிஸ்," என்றாள் இராக்கம்மா கடைசியில். "நான் ஓடுனேன்."

"அதுக்குக் கட்டம் இல்லம்மா."

"அப்ப ஒண்ணு போடுங்க."

படிவம் மூன்று மொழியில் அச்சாகி, மூன்று மேலதிகாரிகள் ஒப்பமிட்டு வந்தது, அதில் கட்டம் போடுவது லேசான காரியம் அல்ல என்று சுதர்ஷினி பொறுமையாக விளக்கினாள். இலக்கை நோக்கி ஓடியவர்களைத் தாக்கியவர் என்ற கட்டத்திலும், இலக்கிலிருந்து விலகி ஓடியவர்களைத் தாக்கப்பட்டவர் என்ற கட்டத்திலும் சேர்ப்பது வழக்கமாம். நீங்கள் எந்தப் பக்கம் ஓடினீர்கள் என்று கேட்டாள். இராக்கம்மா கிழக்கு மூலையைக் கையால் காட்டினாள். சுதர்ஷினி தாக்கியவர் என்ற கட்டத்தில் தானே புள்ளடி இட்டுக்கொண்டாள்.

அப்போதுதான் இராக்கம்மா சைரனைப் பற்றிக் கேட்டாள். உரப்பையை எப்போது அவிழ்ப்பார்கள். மேலே வெடிப்பு நாலு விரல் ஆகிவிட்டது. ஐப்பசி மழை வந்தால் அது என்ன செய்யும் என்று யாராலும் சொல்ல முடியாது. வேறு எதுவும் அவளுக்கு வேண்டாம். படத்தில் அவளை என்னவாகக் காட்டினாலும் சரி. சைரன் ஊத வேண்டும்.

றிச்சர்ட் தலையசைத்தார். சைரனைப் பற்றிய பரிந்துரை படத்தின் கடைசி இரண்டு நிமிடத்தில்தான் வரும் என்றார். படம் முடியாமல் பரிந்துரை வராது. நீங்கள் ஒத்துழைத்தால் படம் சீக்கிரம் முடியும். சொல்லிவிட்டுச் சிரித்தார். புதுப் பல் மட்டும் தனியாகச் சிரித்தது போலிருந்தது.

படம் சீக்கிரம் முடிவதில் ஒரு சிக்கல் இருந்தது. கலவரம் படமாகியிருக்கவில்லை. அன்று பணியகத்தின் இரண்டு கேமராவும் பிரதம அதிதியையே பார்த்துக்கொண்டிருந்தன. ஓட்டம் தொடங்கியபோது அவர் மேடைக்குப் பக்கத்து வடிகால் காணுக்குள் விழுந்ததும், கேமராக்கள் கடமை தவறாமல் கடைசிவரை காணையே எடுத்திருந்தன. எனவே கலவரத்தை மறுபடி நடத்துவது என்று முடிவாகியது.

ஞாயிற்றுக்கிழமை கிரவுண்டில் அதே இடத்தில் மேடை எழுந்தது. பச்சைப் பலகையும் அதே படிக்கட்டின் கீழ் போடப்பட்டது. உண்மைத்தன்மை முக்கியம் என்று றிச்சர்ட் இரண்டு முறை சொன்னார். சைரனை ஊத முடியாது, அது முத்திரையில் இருந்தது. அதனால் அவரே ஒலிபெருக்கியைக் கையில் எடுத்து மூன்று முறை ஊளையிட்டார். தோட்டத்தின் மேல்பக்கமான மேப்பிரிவில் நாய்கள் பதில் சொன்னன.

கீழ்ப்பிரிவு எழுந்து ஓடியது. குழந்தைகள் இடுப்பில், கிழடுகள் நடுவில். நாற்காலிகளில் கால் இடறும் என்று முதலில் அவற்றை ஒதுக்கி வைத்துவிட்டு ஓடினார்கள்.

"கட்," என்றார் றிச்சர்ட். "என்ன இது? இது கலவரம் மாதிரியா இருக்கு? பள்ளிக்கூடம் விட்ட மாதிரி இருக்கு."

"அன்னைக்கும் இப்படித்தாங்க ஓடுனோம்," என்றாள் இராக்கம்மா.

"அன்னைக்கு ஓடினது வேற. இது ஆவணப்படம். நடந்தத அப்படியே காட்டினா சனத்துக்கு எப்படி விளங்கும்?"

இரண்டாவது தடவை ஒழுங்கு கொஞ்சம் குலைந்தது. மூன்றாவது தடவை மறுபடி கூடிவிட்டது. உடலில் ஏறிப்போன பழக்கத்தை ஊளையால் இறக்க முடியவில்லை. நாற்காலிகளை உடைக்கச் சொன்னதற்குச் சனம் ஒன்றை ஒன்று பார்த்தது. நல்ல நாற்காலி. அழகர் ஒன்றைத் தூக்கி, சுற்றுமுற்றும் பார்த்து, மெதுவாகக் கவிழ்த்து வைத்தார். அவரால் முடிந்த வன்முறை அவ்வளவுதான்.

அடுத்த கிழமை பண்டாரவளையிலிருந்து ஒரு பயிற்றுநர் வந்தார். மூன்று நாள் செயலமர்வு. முதல் நாள், கோபம் என்றால் என்ன. இரண்டாம் நாள், கூட்டமாகக் கோபப்படுவது. மூன்றாம் நாள் செய்முறை. மதியச் சோறு உண்டு. வேலை நாளாகக் கணக்கெடுக்கத் தோட்டக் கந்தோரும் சம்மதித்தது. முடிவில் நூற்று அறுபது பேருக்குக் கலகத்தில் அடிப்படைத் தகைமைச் சான்றிதழ் வழங்கப்பட்டது. கருப்பம்மா விசேட சித்தியில் தேறினாள். அவள் பயிற்றுநர் மீதே நாற்காலியை எறிந்திருந்தாள். கோழிகளைப் பற்றி அவர் ஏதோ சொல்லியிருக்கிறார்.

அதற்குப் பிறகு எடுத்த காட்சி அருமையாக வந்தது.

கடைசியாக இராக்கம்மாவின் நேர்காணல். அவளை மேலங்கியோடு மேடைப் படிக்கட்டில் உட்கார வைத்தார்கள். அவள் காலுக்குக் கீழே பச்சைப் பலகை இருந்தது. அவள் சைரனைச் சொன்னாள், பயிற்சியைச் சொன்னாள், வெடிப்பைச் சொன்னாள். றிச்சர்ட் கேமராவை நிறுத்தச் சொன்னார். பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஒரு தகப்பனைப் போலப் பேசினார்.

"இங்க பாருங்கம்மா. நீங்க பயிற்சியாலதான் ஓடினீங்கன்னா, பயிற்சி குடுத்த கந்தோர் பிழை. பலகையப் பாத்து ஓடினீங்கன்னா, மேடை போட்ட கந்தோர் பிழை. ரெண்டும் அரசாங்கம். அரசாங்கம் பிழைன்னு வந்தா அதுக்கொரு ஆணைக்குழு போடணும். அது முடிய ஆறு வருஷம். அதுவரைக்கும் சைரன் பைக்குள்ள. உணர்ச்சிவசப்பட்டு ஓடினேன்னு சொன்னீங்கன்னா பிழை யார்லயும் இல்ல. உங்கள்ல மட்டுந்தான். எவ்வளவு லேசு பாருங்க."

இராக்கம்மா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பலகையைப் பார்த்தாள். நாலு வெள்ளை மனிதர்களில் ஒருவனுடைய தலை சேற்றுக்குள் புதைந்திருந்தது. அம்புக்குறிகள் எல்லாம் அவள் கால்களை நோக்கி வந்தன. இந்த மனிதன் பொய் சொல்கிறானா, உண்மை சொல்கிறானா என்று அவளால் பிரிக்க முடியவில்லை. இரண்டையும் ஒரே குரலில் சொல்லப் பழகியவர்களிடம் எதைக் கேட்டாலும் அப்படித்தான். ஆனால் ஆறு வருஷம் என்றதை மட்டும் நம்பினாள்.

"அப்படிச் சொன்னா சைரன் வந்துருமா?"

"பரிந்துரைல வரும்."

கேமரா மறுபடி ஓடியது. உணர்ச்சிவசப்பட்டு ஓடினேன் என்றாள். ஷுக்ரி கேமராவிலிருந்து கண்ணை எடுத்து அவளை ஒரு தடவை பார்த்தார். பிறகு கேமராவைக் கொஞ்சம் கீழே இறக்கிப் பலகையையும் சேர்த்து எடுத்துக்கொண்டார்.

நவம்பர் தொடக்கத்தில் பதுளை டவுனில் ஒரு மண்டபத்தில் படம் வெளியிடப்பட்டது. கீழ்ப்பிரிவுச் சனத்தை இரண்டு லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மழை தொடங்கியிருந்தது. அன்று காலை வெடிப்பு ஐந்து விரல். இராக்கம்மா இரண்டாவது வரிசையில், மடியில் பையோடு இருந்தாள்.

ஏறும்போதே லொறிக்குள் சுதர்ஷினி எல்லோருக்கும் ஒன்றைப் படித்துக் காட்டியிருந்தாள். படத்தில் சைரன் வரும், யாரும் எழும்பக் கூடாது. எழும்பினால் இரண்டாம் கலவரமாகப் பதிவாகும். அதில் பழக்கப்படுத்த லொறி போகும் வழியெல்லாம் கைத்தொலைபேசியில் சைரனைப் போட்டுப் போட்டு, அசையாமல் இருந்தவர்களுக்கு டொஃபி கொடுத்தாள். ஹாலிஎல தாண்டும்போது குழந்தைகள்கூட அசையவில்லை.

படத்தில் சனம் ஆவேசமாக ஓடியது. அழகர் நாற்காலியைத் தலைக்கு மேல் சுழற்றினார். அவர் தன்னைத் திரையில் பார்த்துப் பக்கத்திலிருந்தவரிடம் மன்னிப்புக் கேட்டார். இராக்கம்மாவின் முகத்துக்குக் கீழே 'கும்பலின் தலைவி' என்று எழுத்து ஓடியது. பிறகு சைரன். மண்டபத்துச் சுவர்கள் அதிர மூன்று முறை.

கீழ்ப்பிரிவு அசையவில்லை. ஒருவரும் தலையைக்கூடத் திருப்பவில்லை. கருப்பம்மா டொஃபிக்குக் கையை நீட்டினாள்.

றிச்சர்ட் மேடைக்குப் போய் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"பாருங்கள்," என்றார், குரல் தழுதழுக்க. "மூன்றே மாதம். சைரன் கேட்டு ஓடிய சமூகம் இன்று சைரன் கேட்டும் ஓடாமல் இருக்கிறது. இதைவிட ஒரு பணியகத்துக்கு என்ன வெற்றி வேண்டும்? இவர்கள் இனி எதற்கும் அசைய மாட்டார்கள் என்று நான் உறுதியாகச் சொல்வேன்."

நீண்ட கைதட்டல்.  இராக்கம்மா திரும்பித் தன் சனத்தைப் பார்த்தாள். இரண்டு வருடம் ஓடப் பழகிய கால்கள் வாங்குப் பலகைகளுக்குக் கீழே வரிசையாக, சாதுவாக இருந்தன.

கடைசி இரண்டு நிமிடத்தில் பரிந்துரை வந்தது. சைரன் சமூகத்திடம் மீள வழங்கப்படும். பாதுகாப்புக் கருதி அது பதுளையில் பணியகத்தின் அலுமாரியில் வைக்கப்படும். ஆபத்து நேரும்போது சமூகத் தலைவி எழுத்தில் விண்ணப்பித்தால், மூன்று வேலை நாட்களுக்குள் அலுவலர் ஒருவர் சைரனோடு தோட்டத்துக்கு வந்து ஊதுவார். அடுத்த நாளே வேன் வந்து சைரனைக் கழற்றிக்கொண்டு போனது. உரப்பையை மட்டும் விட்டுவிட்டுப் போனார்கள்.

அதற்குப் பின் பதினாறு நாள் மழை.

பதினேழாம் நாள் காலையில் இராக்கம்மா மேலே போனபோது ஒரு குச்சி சாய்ந்து கிடந்தது. கையை விரித்து வைத்துப் பார்த்தாள். ஒரு சாண். வெடிப்புக்குள் தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்டது. கீழே ஓடிவந்து விசிலை ஊதினாள். சிலர் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். திரும்ப ஊதினாள். படம் எடுக்கிறார்களா என்று ஒருவர் கேட்டார். கருப்பம்மா அசையாமல் நின்று கையை நீட்டினாள்.

"அடியே, நெசமாத்தான் சொல்றேன். மலை வருது. ஓடுங்க."

"எழும்புனா கேஸ் போடுவாங்கன்னு அந்த மிஸ் சொன்னாள்ல," என்றாள் கருப்பம்மா. "நீதான் முதல்ல மாட்டுன. எங்களையும் மாட்ட வெக்காத, புள்ள."

தோட்டக் கந்தோரில் நிர்வாகியான துரை இல்லை. இராக்கம்மா பணியகத்துக்கு அழைத்தாள். சுதர்ஷினி எடுத்தாள். விண்ணப்பம் எழுத்தில் வேண்டும், இன்று புதன், நாளை போயா விடுமுறை, வெள்ளி பணிப்பாளர் கூட்டத்தில், திங்கள் பார்க்கலாம் என்றாள். மலை திங்கள் வரைக்கும் நிற்காது என்றாள் இராக்கம்மா. அதையும் எழுத்தில் தரச் சொன்னாள் சுதர்ஷினி.

 காதில் தொலைபேசி, முதுகில் மழை. மறுபக்கத்தில் சுதர்ஷினி ஹலோ ஹலோ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். இந்தக் கந்தோர் எதற்கு ஓடிவரும், எதற்கு வராது என்று இராக்கம்மா ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். அதிகம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

"மிஸ்," என்றாள் கடைசியில். "நான் அதுக்குக் கூப்பிடல. இங்க கலவரம் வரப்போகுது. ஆளுங்க கொதிச்சுப்போய் நிக்கிறாங்க. பணிப்பாளர் ஐயா பேரச் சொல்லித்தான் ஏசுறாங்க."

தொலைபேசி கை மாறியது. பிறகு றிச்சர்ட்டின் குரல்.

"எத்தன நாற்காலி?"

"நூத்துப் பன்னெண்டு, சார்."

ஐம்பது நிமிடத்தில் வந்தார்கள். முன்னால் கலகமடக்கும் பொலிஸாரின் இரண்டு லொறி, நடுவில் தண்ணீர் பீய்ச்சும் வண்டி, பின்னால் பணியகத்தின் மூன்று வேன். றிச்சர்ட் தலைக்கவசம் போட்டிருந்தார், பல் தெரியாத வகை. லயத்துப் பக்கத்தில் ஐந்து பேருக்கு மேல் கூடக் கூடாது என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஒரு காம்பராவுக்குள்ளேயே ஏழு பேர், எட்டுப் பேர் இருந்தார்கள். எனவே எல்லோரும் வெளியேற்றப்பட்டார்கள். பொலிஸார் கதவு கதவாகத் தட்டி, கிழடுகளைத் தூக்கி, குழந்தைகளை இழுத்து, எதிர் மேட்டில் இருந்த பள்ளிக்கூடத்துக்குச் சனத்தை ஓட்டிக்கொண்டு போனார்கள். மூன்றாவது முறையாகத் திரும்பப் போன கருப்பம்மாவை இரண்டு பெண் பொலிஸார் தூக்கி வந்தார்கள். கோழிகள் அங்கேயே நின்றுவிட்டன. இராக்கம்மா ஒரு சார்ஜன்ட்டிடம் வெடிப்பைக் காட்டினாள். அவர் அதைக் கலவரத்துக்கான காரணம் என்ற இடத்தில் எழுதிக்கொண்டார்.

மொத்தம் முப்பத்தொரு நிமிடம் எடுத்தது. கீழ்ப்பிரிவுச் சனம் நாலு நிமிடத்தில் செய்கிற வேலை.

பள்ளிக்கூட முற்றத்தில் சனம் மழையில் நின்றது. விறாந்தையில் றிச்சர்ட் இரண்டு கேமராவையும் சனத்தைப் பார்த்து நிறுத்தி வைத்தார். இந்த முறை கலவரத்தைத் தவறவிடுவதில்லை என்பதில் உறுதியாக இருந்தார். சனம் அவரைப் பார்த்தது. அவர் சனத்தைப் பார்த்தார். கலவரம் தொடங்கவில்லை. கொஞ்சம் பொறுங்கள், வரும் என்றார் அவர் பொலிஸ் அதிகாரியிடம்.

பத்து நாற்பதுக்கு எதிர் மலையில் பெரிய துணி ஒன்றைக் கிழிப்பது போலச் சத்தம் கேட்டது. மானாப்புல், தேயிலை, மரம் எல்லாம் நின்ற நிலையிலேயே கீழே நடந்து வந்தன. முதல் லயம் போனது. இரண்டாவது லயத்தில் பாதி போனது. சைரன் இருந்த கம்பம் கடைசிவரை நிமிர்ந்து நின்று, பிறகு போனது.

 ஷுக்ரி மட்டும், யாரும் சொல்லாமலே, தன் கேமராவை மலைப் பக்கம் திருப்பியிருந்தார். மற்றக் கேமரா இன்னும் சனத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

றிச்சர்ட் வெகுநேரம் எதிரே பார்த்தார். தலைக்கவசத்தைக் கழற்றினார். இராக்கம்மா அவர் முகத்தில் எதையோ தேடினாள். ஒரு நிமிடம் அது அங்கே இருந்தது போலவும் இருந்தது. பிறகு அவர் சுதர்ஷினியைக் கூப்பிட்டார்.

"இது இயற்கை," என்றார். "இது நம்ம விடயப் பரப்புக்குள்ள வராது. நம்மள வரச் சொன்னது கலவரத்துக்கு. கலவரம் எங்க?"

இரண்டு கிழமைக்குப் பிறகு, பள்ளிக்கூட வகுப்பறையில் பாய் விரித்துக் கிடந்த சனத்துக்குள் நடந்து வந்து, அவர்கள் இராக்கம்மாவைக் கண்டுபிடித்தார்கள். றிச்சர்ட்டும் சுதர்ஷினியும் மட்டும். ஷுக்ரியை இப்போது வேறு பிரிவுக்கு மாற்றியிருந்தார்கள். பிஸ்கட் கொண்டு வரவில்லை. விசாரணை தொடங்கியிருக்கிறது என்றும், அவள் செய்தது பாரதூரமான குற்றம் என்றும் றிச்சர்ட் சொன்னார். இரண்டு லொறி பொலிஸாரை வீணாக வரவழைத்ததால் அன்று வேறெங்காவது உண்மையான கலவரம் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டார். பக்கத்துப் பாயில் கருப்பம்மா தப்பிவந்த இரண்டு கோழியையும் மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

சுதர்ஷினி படிவத்தை நீட்டினாள். புதிதாக அச்சடித்தது. மை வாசனை போகவில்லை. தாக்கியவர், தாக்கப்பட்டவர், பார்த்துக்கொண்டிருந்தவர். அதற்குக் கீழே நாலாவதாக ஒரு கட்டம் இருந்தது. பொய்த் தகவல் வழங்கியவர்.

இராக்கம்மா எழுத்துக் கூட்டி அதை இரண்டு முறை வாசித்தாள். கட்டம் போடுவது லேசான காரியம் அல்ல என்று சொன்னது அவளுக்கு ஞாபகம் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே மேப்பிரிவு லயங்கள் தெரிந்தன. அங்கே ஐம்பத்தெட்டுக் குடும்பம். நேற்று அவளும் அழகரும் மேலே ஏறிப் போய் அங்கேயும் இரண்டு குச்சி அடித்துவிட்டு வந்திருந்தார்கள்.

அவள் பேனாவை வாங்கி, கோட்டுக்கு வெளியே போகாமல், நாலாவது கட்டத்துக்குள் புள்ளடி இட்டாள். படிவத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

"உங்க போன் நம்பர் மாறலதானே, சார்?" என்று கேட்டாள்.